முதல் வரிசைக்காரன்

இசைத்தட்டு அட்டையில் கையெழுத்துப் போடப் பாடகர் குனிந்தபோது முதல் கத்திக்குத்து விழுந்தது. அட்டையில் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு இளம் முகங்களின் மீதும் ரத்தம் தெறித்தது.

இரண்டாவது குத்து விலாவில் ஆழமாக இறங்கியது. பாடகர் குத்தியவனின் சட்டையைப் பற்றியபடியே சரிந்தார். அவருடைய மைக்கும், பக்கத்தில் எப்போதும் ஆளில்லாமல் நிற்கும் இன்னொரு மைக்கும் சேர்ந்து விழுந்தன. ஒத்திகை மேடையின் ஒலிபெருக்கிகளில் அவர் மூச்சு இரைவது அரங்கம் முழுக்கக் கேட்டது.

மூன்றாவது குத்துக்குக் கை ஓங்கியபோது டிரம்ஸ்காரர் இரும்புத் தாங்கியால் அந்த மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்து கத்தி நழுவியது. ஓடிவந்த காவலாளி அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் பூட்ஸ் காலை வைத்து அழுத்தினார். அவன் திமிறவே இல்லை.

எல்லோருக்கும் தெரிந்தவன்தான். எந்த ஊரில் கச்சேரி என்றாலும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பான். குழுவில் அவனுக்கு 'முதல் வரிசை' என்றே பெயர்.

"பத்து வருஷமா வர்ற பையன்னு நம்பித்தானேடா உள்ள விட்டேன்," என்று சொல்லிச் சொல்லி உதைத்தார் காவலாளி.

"உனக்கு என்னடா குறை வச்சாரு அவரு?" டிரம்ஸ்காரர் அவன் தலைமுடியைப் பற்றித் தரையில் மோதினார். பல்லொன்று தெறித்து விழுந்தது.

மேடையோரத்தில் உட்கார்ந்திருந்த பாடகரின் மனைவி ஓடிவந்து ரத்தத்திலேயே மண்டியிட்டாள். இரண்டு கைகளாலும் காயத்தைப் பொத்தினாள். விரலிடுக்கெல்லாம் ரத்தம் பொங்கி வழிந்தது. ஒலிபெருக்கியில் அவருடைய மூச்சிரைப்பு விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஒலிப்பலகையில் இருந்தவர் எந்தப் பொத்தானையும் தொட்டிருக்கவில்லை.

பூட்ஸுக்கு அடியிலிருந்து அவன் அவள் பக்கமாக முகத்தைத் திருப்பினான். உடைந்த வாயோடு சிரித்தான்.

"இனிமே உங்களைத் தடுக்க யாரும் இல்லம்மா."

"என்னடா உளர்றே?" என்றார் டிரம்ஸ்காரர்.

"நான் வந்தது இவருக்காக இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி இந்த இசைத்தட்டுல இவரோட சேர்ந்து இந்த அம்மா பாடினாங்களே, அந்தப் பாட்டுக்காக. இன்னைக்காவது பாட விடுவாரான்னு ஒவ்வொரு கச்சேரியிலயும் காத்துக்கிட்டிருப்பேன். இவரு மட்டும் பாடிக் கைதட்டு வாங்குவாரு. நீங்க ஓரமா வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. பார்த்துப் பார்த்து என் வயிறு எரிஞ்சுதும்மா. இப்பப் பாடுங்க."

காவலாளியின் கால் அவன் முதுகிலிருந்து தானாகத் தளர்ந்தது.

அவள் கணவரின் இமைகளை மூடிவிட்டாள். அவர் முகத்தில் கைபட்ட இடமெல்லாம் சிவப்பாயிற்று. அவனைப் பார்த்தபோது அவள் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை.

"மேடை ஏறினாலே எனக்குத் தொண்டை அடைச்சுக்கும். நானாத்தான் பாட்டை விட்டேன்."

"பயத்துல பொய் சொல்றீங்கம்மா."

அவள் குனிந்து, செத்துப்போனவரின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாடு பாடுன்னு இத்தனை வருஷமா என்கிட்ட கெஞ்சிக்கிட்டிருந்தது இவர்தாம்பா."