சுண்டு விரலின் முறை

எவாஞ்சலின் கிடார் கற்றுக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து அவளுடைய இடது கை விரல்களுக்கு நிம்மதி போயிற்று. கம்பியை அழுத்தி அழுத்தி மோதிர விரலின் நுனி சிவந்து வீங்கிவிட்டது. சட்டைப் பொத்தானைத் தொட்டாலும் எரிந்தது.

ஆனால் அதைவிட அதிகமாக முனகியது சுண்டு விரல்தான்.

“உனக்கென்ன? நீ இன்னும் கம்பியைத் தொடவே இல்லையே” என்றது மோதிர விரல்.

“பக்கத்திலேயே நின்று பார்க்கிறேனே, அந்த வேதனை உனக்குத் தெரியாது. உன் இடத்தில் நான் இருந்தால் என்றைக்கோ நிறுத்தியிருப்பேன்.”

எவாஞ்சலினுக்கும் அதே எண்ணம்தான். கிடாரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உறைக்குள் போட்டு மூடினாள். கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி கற்ற பாட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால் மறுநாள் உறையைத் திறந்தாள். அதற்குப் பிறகு தினமும் கொஞ்சமாக வாசித்தாள், எரிந்தால் நிறுத்தினாள். மெல்ல மெல்ல மோதிர விரலின் நுனி காய்த்துப்போனது. வலியும் நின்றது.

அப்புறம் ஒரு புதிய பாட்டு வந்தது. அதில் சுண்டு விரலுக்கும் வேலை இருந்தது. முதல் அழுத்தலிலேயே அதற்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் முனகவில்லை. பாட்டு முடிந்ததும் மோதிர விரலிடம் மெதுவாகக் கேட்டது:

“உனக்கும் இப்படித்தான் வலித்ததா?”

மோதிர விரல் சற்று யோசித்தது.

“வலியா? அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லையே” என்றது.