ஒடிலோன் சாமியாரின் முத்தம்

“தினம் காலையில முத்தம் கொடுக்கிறாரு. கொடுக்கட்டும், வேணாங்கல. வாயைத் துடைச்சுட்டுக் கொடுக்கக் கூடாதா?” கோஸ்லின் அழாத குறையாகப் புலம்பினான்.

வண்ணம் அரைத்துக்கொண்டிருந்த ஹமோன் நிமிரவில்லை. “இன்னைக்கு என்ன, வெங்காயமா?”

“கருவாடு! தவக்காலம் முடியிறவரைக்கும் கருவாடுதான்.”

கோஸ்லின் அந்த மடத்தின் ஓவியத் துறவி. பூசைப் புத்தகத்தில், இயேசு சிலுவையில் தொங்கும் ஏட்டை வரைந்தவன். ஒரு கன்றின் தோல், பொன்தகடு, ஏழு வார முதுகுவலி.

பூசையின் நடுவே சாமியார் குனிந்து அந்த ஏட்டை முத்தமிடுவது வழக்கம். கிழவர் ஒடிலோன் நாள் தவறாமல் ஆண்டவரின் இடது பாதத்து ஓரத்திலேயே வாயை வைத்தார். எச்சில் பட்டு வண்ணம் கரைந்தது.

முத்தமிடுவதற்கென்றே ஏட்டின் அடியில் சின்னச் சிலுவை ஒன்றை வரைந்து வைத்தும் பார்த்தான். மனிதர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கண்ணு தெரியலையோ என்னமோ” என்றான் ஹமோன்.

“அவருக்கா? எவன் தட்டுல பெரிய மீன் விழுந்துச்சுன்னு வாசல்ல நின்னே சொல்லிடுவாரு!”

ஞாயிற்றுக்கிழமை ஆயர் வருகிறார். இதே புத்தகத்தில்தான் பூசை. ஏட்டில் கறை இருந்தால் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு பன்றி மேய்க்க அனுப்பிவிடுவேன் என்று மடத்துத் தலைவர் சொல்லிவிட்டார்.

கோஸ்லின் எப்போதும்போலச் செருப்பைக் கழற்றி, இடது காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்தான். அதைப் பார்த்துப் பார்த்து, கரைந்த இடத்தை மறுபடியும் வரைந்து முடித்தான்.

“ஆண்டவர் பாதத்துக்கு உன் பாதமா? உயிர்த்தெழும்போது ஓட்டமா ஓடப்போறாரு” என்று ஹமோன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

சனிக்கிழமைப் பூசையில் ஒடிலோன் குனிந்தார். வெகு நிதானமாக. இந்தத் தடவை நாக்கு நுனிகூடத் தெரிந்தது.

பூசை முடிந்ததும், சாமியார் உடை மாற்றும் அறைக்குள் கோஸ்லின் பாய்ந்தான். “சாமி! அது முத்தமா? நக்குறீங்க! நான் பன்னி மேய்க்கணும், அதானே உங்க ஆசை?”

கிழவர் முதலில் கதவைச் சாத்தினார். உதட்டில் ஒட்டியிருந்த வண்ணத்தைப் புறங்கையால் துடைத்தார்.

“மெதுவாப் பேசுடா. வெளியே தெரிஞ்சா உன்னைப் பாத்துதான் சிரிப்பானுங்க. நானும் யாருக்கும் தெரியாம அழிச்சு அழிச்சுப் பாக்குறேன். நீ விடாம வரையிறே.”

“எதை?”

ஒடிலோன் அவனுடைய இடது காலைக் காட்டினார்.

“ஆண்டவருக்கு அஞ்சு விரல்தான்டா!”