கீழ் வரிசைச் சங்குகள்

அவர் கையை நீட்டிவிட்டார். லேப் பெண் இன்னும் கையுறைகூடப் போடவில்லை.

சட்டைக் கையை வீட்டிலிருந்தே மடித்துக்கொண்டு வந்திருந்தார். காலையிலிருந்து காப்பியும் குடிக்கவில்லை. வெறும் வயிற்றில் வரும்படி யாரும் சொல்லவில்லை.

"கொஞ்சம் போதும் சார். முதல்ல உங்களுக்கு. அடுத்தது அம்மாவுக்கு."

பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி லீலாபாய். மடியில், துண்டில் பொதிந்த ஸ்டாம்ப் ஆல்பம். மகனுடையது. இது எதுக்கு என்று பஸ்ஸிலேயே கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வளைகுடாவில் கம்பெனி கேம்ப் தீப்பிடித்துப் பதினோரு நாள். நான்கு உடல்களில் யார் எவரென்று தெரியவில்லை. அதில் ஒருவன் அவர்கள் மகன் ஷிஜின்.

பெற்றவர்களின் ரத்தத்தோடு ஒத்துப்போகிற உடல் ஊருக்கு வரும்.

ஒத்துப்போகாதது அங்கேயே மண்ணுக்குள் போகும். பெயரில்லாமல், ஒரு எண்ணோடு.

லேப் பெண் படிவத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"பெத்த அப்பாதானே சார்?"

"ஆமா."

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், ஒன்பது நாள் பிள்ளையாகத் துணியில் சுற்றி வாங்கி வந்தார்கள். அந்த வாரமே ஊரை மாற்றினார்கள். ஷிஜினுக்கே தெரியாது. நாகர்கோவிலில் பார்த்தவர்கள் எல்லாம், அப்பனை உரிச்சு வச்சிருக்கான் என்றார்கள். மறுநாளும் அதே தெரு வழியாகத்தான் பையனைக் கூட்டிப்போவார்.

ஒரே சோறு. ஒரே கிணற்றுத் தண்ணீர்.

இத்தனை வருடத்தில் கொஞ்சமாவது ஒத்திருக்காதா?

முழங்கை மடிப்பில் பஞ்சு பட்டது. குளிர்ந்தது.

"நில்லு மக்களே," என்றாள் லீலாபாய், லேப் பெண்ணிடம்.

துண்டை அவிழ்த்து ஆல்பத்தை மேசையில் விரித்தாள். திருவிதாங்கூர்ப் பக்கம். ராஜா காலத்துத் தபால்தலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சங்கு.

"இதுக்க பின்னால எல்லாம் பிள்ளைக்க நாக்கு பட்டதாக்கும். இதில இருந்து எடுக்க முடியுமா?"

ஷிஜினுக்குப் பன்னிரண்டு வயதில் பிடித்த பைத்தியம். வடசேரி பழைய பேப்பர் கடையில் உட்கார்ந்து, மக்கிய கவர்களைக் கிளறுவான். கிடைத்ததைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்துவைத்து, ஒரு சொட்டு பென்சின் விடுவான். காகிதத்துக்குள்ளிருந்து இன்னொரு சங்கு நீர்க்குறியாக மங்கலாக எழும். எழாவிட்டால் அது வேறு ரகம்.

"மூஞ்சியப் பாத்து ஏமாறாதீங்கப்பா. எல்லாம் ஒண்ணு போலதான் இருக்கும். கவுத்துப் போட்டாத்தான் தெரியும்."

அப்புறம் பசை தடவிய மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை மடித்து, நாக்கு நுனியில் ஒற்றி, தபால்தலையின் முதுகில் ஒட்டி ஆல்பத்தில் பதிப்பான்.

எச்சி பண்ணாதல என்று அவர் கத்துவார். ஸ்பாஞ்ச்கூட வாங்கிக் கொடுத்தார்.

தண்ணின்னா கூடிப் போவும், நாக்குக்குத்தான் அளவு தெரியும் என்றான். ஸ்பாஞ்சை வைத்து சைக்கிள் துடைத்தான்.

லேப் பெண் ஆல்பத்தை ஒருமுறை பார்த்தாள்.

"எச்சில்லயும் டி.என்.ஏ. கிடைக்கும்மா. அனுப்பிப் பாக்கலாம். ஆனா அப்பாக்க ரத்தமே இங்க இருக்குல்லா? பெறவு இது எதுக்கு?"

லீலாபாய் அவரைப் பார்க்கவில்லை. ஆல்பத்தின் ஓரத்தில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"சரிம்மா. ஒண்ணு ரெண்டு எடுத்து வைக்கிறேன். இருக்கட்டும்."

லேப் பெண் இடுக்கியை எடுத்தாள். கீழ் வரிசைக்குக் கொண்டுபோனாள்.

கீழ் வரிசையில் மூன்று சங்குகள்.

போன மாதம் ஷிஜின் அவற்றைப் பற்றித்தான் செய்தி அனுப்பியிருந்தான். அவன் கையில் எப்போதும் கிரீஸ். அதனால் பேசுவான், போன் அதை எழுத்தாக்கும். நிறுத்தம் எதுவும் இருக்காது.

'அப்பா அங்க மழையா ஆல்பத்த பீரோ மேல் தட்டுல வையுங்க கீழ மூணு ஸ்டாம்ப் கழண்டு கெடக்கும் ஒட்டி வையுங்க தண்ணி தொடாதீங்க நாக்கு போதும் எனக்கு இங்க ஒறக்கம் வரமாட்டேங்குது ரூம்ல எட்டு பேரு ஒரு வாசல்தான் அம்மாட்ட சொல்லாதீங்க'

அன்று மத்தியானமே ஒட்டினார். படம் எடுத்து அனுப்பினார்.

'சூப்பர்ப்பா நான் ஒட்டுனது எது நீங்க ஒட்டுனது எதுன்னே தெரியல்ல'

அதை எத்தனை முறை படித்தார் என்று அவருக்கே தெரியாது. வாசலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இடுக்கியின் நுனி முதல் சங்கின் ஓரத்தைத் தொட்டது.

"அது வேண்டாம் மக்களே," என்றார். "கீழ உள்ளது மூணும் நான் ஒட்டுனது."

"அதுக்கென்ன சார்? அப்பாவும் மகனும்தானே. ஒத்துத்தான் வரும்."

மின்விசிறியில் ஆல்பத்தின் பக்கம் லேசாக எழுந்து அமர்ந்தது. லீலாபாய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

அவர் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டார். சட்டைக் கையை இறக்கிவிட்டார். பித்தான் ஓட்டையில் ஏற மறுத்தது. இரண்டு முறை முயன்று போட்டார்.

"மேல் வரிசையில எடு," என்றார்.