திருப்தி என்றால் ஒன்று

“எரியுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார் நகராட்சி அதிகாரி.

பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் வருகிறார் என்று போட்டுவைத்திருந்தார்கள்.

“எரியுது” என்றாள் தையல்காரம்மா. மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அப்ப திருப்திதானே?”

“எரியுதுன்னுதான் சொன்னேன்.”

அதிகாரி தன்னோடு வந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். நகராட்சிச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்க, வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

“கம்ப்யூட்டர்ல ஊர் பூரா பச்சைம்மா. எங்க வட்டாரம் மட்டும் சிவப்பு. அதுவும் ஒரே ஒரு புகாரால. உங்க புகாரால. நாளைக்கு மதிப்பீட்டுக் குழு வருது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிக்கறது நான்?”

“இருக்கற மூஞ்சியோட நில்லுங்க.”

அந்தப் பெண் குனிந்துகொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

“தினம் ஃபோன் வருது உங்களுக்கு. திருப்தின்னா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு. நீங்க எதையும் அமுக்காம வெச்சுடறீங்க. ரெண்டை அமுக்கினாலாவது இன்னொரு ஆளை அனுப்புவோம்ல?”

“அனுப்பின ஆள் போதாதா சார்?”

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “அதுக்குத் தனியா விசாரணை நடக்குதும்மா. அது வேற ஃபைல். இது விளக்கு.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “எம்பொண்ணு வேலை முடிஞ்சு இருட்டுல வரான்னு நான்தான் ஃபோன் மேல ஃபோன் போட்டேன். சாயங்காலத்தோட கெடு முடியுது, எப்படியும் ஆள் வந்துரும்னாங்க. வந்தான். கொட்டற மழை. விடட்டுமே தம்பின்னேன். கெடு தாண்டினா என் பேர்ல சிவப்பு விழுந்துரும்க்கான்னுட்டு ஏறினான். இந்த ஜன்னல்லதான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஏறினவன் உசுரோட எறங்கல.”

மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

“மறுநாள் காலைல வேற ஆள் வந்து பல்பை மாட்டிட்டுப் போனான். மத்தியானமே ஃபோன். திருப்தியான்னு.”

“புரியுதும்மா. எனக்குப் புரியுது, கம்ப்யூட்டருக்குப் புரியணுமே. இப்ப ஒரு கால் போடச் சொல்றேன். நல்லா யோசிங்க.”

தன் ஃபோனுக்கு உள்ளே சிக்னல் இல்லை என்று அதைத் தூக்கிப் பிடித்தபடி தெருமுனைவரை போய்விட்டார்.

தையல்காரம்மா ஸ்டூலில் கிடந்த துணிகளை அள்ளி மாற்றினாள். “உக்காரும்மா. உன்னை எதுக்கு இழுத்துக்கிட்டு வந்தாரு?”

“இந்தத் தெரு என் பொறுப்புக்கா.”

“உங்கிட்ட சொல்றேன். நான் திமிர் புடிச்சவ இல்ல. அவரு என்னை அப்படித்தான் நெனைக்கறாரு, நெனைச்சுட்டுப் போகட்டும். ஒண்ணை அமுக்கினா அன்னிக்கு நடந்ததெல்லாம் சரிதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கை வரமாட்டேங்குது. அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிருந்துதோ என்னமோ. யாரைக் கேட்டாலும் வாயத் தெறக்க மாட்டேங்கறாங்க.”

“ஆயிருந்துது” என்றாள் அந்தப் பெண். “ஒரு பொண்ணு. இப்பத்தான் சுவரைப் புடிச்சுக்கிட்டு நடக்குது.”

தையல்காரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“அவரோட வேலையத்தான் எனக்குக் குடுத்திருக்காங்க. தற்காலிகமா. கம்பத்துல எல்லாம் ஏத்த மாட்டாங்க. புகாரை முடிச்சு வைக்கற வேலை. அவர் பேர்ல நின்னதெல்லாம் எம்பேருக்கு மாத்திட்டாங்க. எல்லாம் பச்சையாச்சுன்னா நிரந்தரம் பண்ணுவாங்களாம்.” தொங்கிய சட்டைக் கையை மடித்துவிட்டாள். “இது ஒண்ணுதான் நிக்குது.”

“அடிப்பாவி… வந்ததும் சொல்லியிருக்கலாமேடி.”

“சார் சொல்ல வேண்டாம்னாரு. சொன்னா கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிருமாம். அப்ப அந்தத் திருப்தியக் கணக்குல எடுத்துக்க மாட்டாங்களாம்.”

தையல் மெஷின்மேல் இருந்த ஃபோன் அடித்தது.

தையல்காரம்மா எடுத்தாள். கொஞ்சுகிற குரலில் பதிவு செய்த பேச்சு ஓடியது. “வணக்கம். தங்கள் தெருவிளக்குப் புகார் தீர்க்கப்பட்டதில் தாங்கள் திருப்தி அடைந்திருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்.”

கட்டைவிரலை ஒன்றுக்கு மேலே கொண்டுபோனாள். அது அங்கேயே நின்றது. குரல் ரெண்டைச் சொல்லி முடித்துவிட்டு, மறுபடியும் வணக்கத்திலிருந்து ஆரம்பித்தது.

“உனக்காகத்தாம்மா… ஆனா முடியலயே” என்றாள்.

அந்தப் பெண் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

ஒன்றை அமுக்கினாள்.

“தங்கள் மேலான கருத்துக்கு நன்றி” என்றது குரல். அது முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை காதில் வைத்திருந்துவிட்டு, திரையைச் சட்டை நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.