கைராசி

"பாத்தீங்களா அத்தை, மாமா வெச்ச மாதுளை காய்ச்சிருக்கு!"

சிகிச்சை முடிந்து, துணைக்கிருந்த மகளோடு வந்து இறங்கிய மாமியாரை, அவன் நேரே பால்கனிக்குத்தான் அழைத்துப் போனான். இறந்துபோன மாமனார் மகளுக்குக் கடைசியாக நட்டுக் கொடுத்த தொட்டிச் செடி, பூவும் காயுமாக நின்றது.

"இதுவரைக்கும் ஒரு பிஞ்சுகூட விட்டதில்லம்மா! ஆறு மாசம் நான் இல்லாமலே இவர் காய்க்க வெச்சுட்டார்!" மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. காபி போட உள்ளே ஓடினாள்.

"வேளை தவறாம தண்ணி ஊத்தி, குழந்தை மாதிரி பாத்துக்கிட்டேன் அத்தை."

மாமியார் ஒரு காயை மெல்லத் தடவினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மாப்பிள்ளை, அவர் வெச்சது அழகுக்கு வளக்கிற அடுக்குப்பூ மாதுளை. பூத்துத் தள்ளும், ஆனா காய்க்கவே காய்க்காதுன்னு அன்னைக்கே எங்கிட்ட சொன்னார். பட்டுப்போச்சுன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

பழையது பட்டுப்போனதும் அவன் நர்சரியில் காய்த்திருந்த செடியாகப் பார்த்து வாங்கி, அதே தொட்டியில் நட்டு வைத்திருந்தான்.

"என்னம்மா ரகசியம்?" மனைவி காபியோடு வந்தாள்.

"ஒண்ணுமில்லடி. உன் வீட்டுக்காரருக்கு நல்ல கைராசின்னு சொல்லிட்டிருந்தேன்."

அந்தக் கையைக் காபிக்கு நீட்ட அவனுக்குக் கூசியது.