இரண்டாவது வண்டி

"இரண்டாவது வண்டி! எதுக்கு இப்ப பிரேக்கை மிதிச்சே? ரோடு என்ன, உன்னைக் கடிச்சா திங்கப் போகுது?"

முதல் வண்டியிலிருந்து வாக்கி டாக்கியில் கேப்டன் போட்ட சத்தம் பின்னால் வந்த எல்லா வண்டிகளிலும் கேட்டது. கார் கிளப்பின் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் அது ஒரு கொடுமை. ஒருவருக்கு விழுகிற திட்டு, எல்லார் காதிலும் விழும்.

திட்டு வாங்கியவர் லைப்ரரி அக்கா. நூலகத்தில் வேலை பார்ப்பதால் அந்தப் பெயர். கணவர் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. இத்தனை காலமும் அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், இன்றைக்குத்தான் அந்தப் பழைய ஜீப்பைத் தன்னந்தனியாக ஓட்டுகிறார்.

அதற்கும் மகன் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். வண்டி இப்போது அவன் பேரில்.

"போறதும் வர்றதும் நீயே ஓட்டினா வண்டி உன்கிட்டயே இருக்கட்டும்மா. நடுவுல வேற யாராவது ஸ்டியரிங்கைப் பிடிச்சாங்கன்னு தெரிஞ்சா, வித்துடுவேன். அப்புறம் அழக் கூடாது."

இது கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். கேப்டனுக்கும் தெரியும். தெரிந்துமா இப்படிக் குதிப்பார்கள்? செத்துப்போனவர் இவருக்கு உயிர் நண்பர் வேறு!

தார் ரோடு முடிந்து மண் பாதை வந்தது. புழுதியில் முன்னால் போகிற வண்டியே தெரியவில்லை.

"என்னம்மா ஓட்டறே? மாட்டு வண்டி கூட உன்னை முந்திட்டுப் போகும்!"

மூன்றாவது வண்டியில் வந்த பல் டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"கேப்டன், பொம்பளைங்ககிட்ட கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க."

"நீ உன் ரோட்டைப் பாரு!"

புதர்க்காட்டுக்குள் ஓர் ஓடை. முதலில் கேப்டன் வண்டி இறங்கி ஏறியது. அடுத்து இறங்கிய ஜீப் நட்டநடு ஓடையில் இருமிவிட்டு நின்றது. பாதிச் சக்கரத்துக்குத் தண்ணீர்.

லைப்ரரி அக்கா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

பல் டாக்டர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"அழாதீங்கக்கா. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க. இந்த ஓடையை மட்டும் நான் தாண்டிக் கொடுக்கறேன். உங்க பையனுக்கு யாரு போய்ச் சொல்லப் போறா?"

அக்கா கதவைத் திறக்கக் கை வைத்தார்.

"டேய்!" அக்கரையிலிருந்து கேப்டன் பாய்ந்து வந்தார். "அந்தக் கதவுல கை வச்சே, கையை ஒடிச்சுடுவேன்!"

"என்ன பேச்சு பேசறீங்க? அவங்க அழறது தெரியலையா?"

"அழுதா அழட்டும். நீ கரையேறு!" கேப்டன் ஜீப் பக்கம் திரும்பினார். "அழுதா வண்டி நகருமா? ஸ்டார்ட் பண்ணு. முதல் கியர். கிளட்சை மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா! காதுல என்ன பஞ்சா?"

"என்னால முடியலண்ணா… இறங்கிடறேன்."

"இறங்கினா நடந்தே வீட்டுக்குப் போ!"

கரையில் நின்றவர்களுக்கு ரத்தம் கொதித்தது. நாலாவது வண்டியில் வந்த மருந்துக்கடைக்காரர் வாய்விட்டே சொன்னார், "இவன்லாம் மனுஷனா?"

ஜீப் உறுமியது, வழுக்கியது, குதித்தது. கடைசியில் ஒருவழியாகக் கரையேறியது. யாருக்கும் கைதட்டக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

எல்லா வண்டிகளும் தாண்டியபின் ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றும்போதே பல் டாக்டர் ஆரம்பித்துவிட்டார்.

"இவர் அக்காகிட்ட மன்னிப்பு கேட்கணும். கேட்காம ஒரு வண்டியும் இங்கிருந்து கிளம்பாது."

"கரெக்ட்!" என்றார் மருந்துக்கடைக்காரர். "இல்லேன்னா வேற கேப்டனைப் பார்த்துக்கலாம்."

ஆமாம், ஆமாம் என்று நாலாபக்கமும் குரல். கேப்டன் டம்ளரை வைத்துக்கொண்டு காட்டைப் பார்த்தபடி நின்றார். அந்தத் திமிர் எல்லாரையும் இன்னும் கிளறிவிட்டது.

பல் டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அக்கா, இந்த ஆள்கிட்ட இவ்வளவு பேச்சு வாங்கணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்து? சாவியைக் கொடுங்க. திரும்பிப் போறப்ப நான் ஓட்டறேன். நீங்க நிம்மதியா உட்கார்ந்து வாங்க."

லைப்ரரி அக்கா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண் சிவந்திருந்தது.

"அண்ணன் எதுக்கு மன்னிப்பு கேட்கணும்? திட்டச் சொன்னதே நான்தான்."

எல்லாரும் திகைத்துப் பார்த்தார்கள்.

"கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். நான் பயந்தாங்கொள்ளிண்ணா, நடுவழியில உடைஞ்சுடுவேன். யாராவது பாவம்னு சொன்னா சாவியைத் தூக்கிக் கொடுத்துடுவேன். கொடுக்க விடாதீங்க, எப்படித் திட்டணுமோ திட்டி என்னை ஓட்ட வைங்கன்னு சொன்னேன். 'எனக்குக் கெட்ட பேர் வருமேம்மா'ன்னார். 'எனக்காக வாங்கிக்கோங்க'ன்னேன். வாங்கிட்டு நிக்கறார்."

மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பல் டாக்டர் மட்டும் விடவில்லை.

"சரிக்கா, உங்களைத் திட்டினது போகட்டும். உதவிக்கு வந்த என்னை எதுக்கு விரட்டணும்? நான் என்ன திருடனா?"

"அதையும் நான்தான் சொன்னேன் தம்பி. வேற யார் வேணா கிட்ட வரட்டும், உங்களை மட்டும் விட வேண்டாம்னு சொன்னேன்."

"ஏன்? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

அக்காவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

"இந்த ஜீப்பை என் பையன்கிட்ட விலை பேசி முடிச்சதும் நீங்கதான், அந்த நிபந்தனையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கதான்னு நேத்து அவனே என்கிட்ட உளறிட்டான்!"