கோணல் பை

மாட்டுங்காவில் இருந்த அந்தச் சின்னச் சங்கம், தாராவிப் பெண்கள் தைக்கும் துணிப்பைகளைத் தரகர் இல்லாமல் விற்று, காசை அவர்களிடமே கொடுத்தது. கல்லூரி விடுமுறையில் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள் சுகந்தா.

சனிக்கிழமைதோறும் டிராம்பே ஆலைத் தொழிலாளி ஒருவர் வருவார். அந்தப் பெண்களில் ஒருத்தியான பேராச்சி தைத்த கோணல் பைகளாகப் பார்த்து வாங்கிப் போவார்.

“நல்ல பையா எடுத்துக்கோங்களேன்” என்றாள் சுகந்தா.

அவர் குரலைத் தாழ்த்தினார். “பேராச்சி என் வீட்டுக்காரிதான், தாயி. விக்கலன்னு பை திரும்பி வந்தா அவ மனசு ஒடிஞ்சிரும். குடுக்குற துட்டும் எங்க வீட்டுக்குத்தான வருது? அவகிட்ட மட்டும் சொல்லிராதீய.”

சுகந்தா சொல்லவில்லை.

அடுத்த மாதம் பேராச்சி கொண்டுவந்த பைகளில் தையல் அத்தனை நேராக இருந்தது. அடியில் கிடந்த ஒன்று மட்டும் பழையபடி கோணல்.

“இதை மட்டும் பிரிச்சுத் தைச்சுத் தரேளா? எல்லாமே வித்துடும்” என்றாள் சுகந்தா.

பேராச்சி அந்தப் பையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம் தாயி. நேராத் தைச்சா வேற யாராவது எடுத்துட்டுப் போயிருவாக. சனிக்கிழமை எங்க வீட்டுக்காரரு வந்து ஏமாந்து போகணுமா?”